நடுச்சுவர்

வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து உடுப்பு மாற்றக் கதவைச் சாத்தப் போனபோது அது சாத்துப்படவில்லை. மேல் மூலை நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. பேர்ணடெற் தோளால் தள்ளிப் பார்த்தாள். கீழே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. காலையில் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போன கதவு. கடைசியில் கதிரையொன்றை அண்டக்கொடுத்துவிட்டு அவசரமாக உடுப்பை மாற்றினாள்.

தலைநகரின் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையொன்றில் இருந்தது அந்த வீடு. ஒல்லாந்தர் கட்டியது என்று வீட்டுக்காரர் கிளறன்ஸ் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். வெள்ளைக்காரன் காலத்துக் கோப்பி வியாபாரி ஒருவன் கட்டியது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லுவார்கள். யார் கட்டியிருந்தாலும் தாராளமாகக் கட்டியிருந்தார்கள். கீழே பெரிய கூடம், மேலே பலகைத் தளம், தெருவைப் பார்த்தபடி ஆளுயர யன்னல்கள். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்த கிளறன்ஸ், மனைவி இறந்தபிறகு கீழே பின்னறையில் தான் இருந்துகொண்டு, மேல் தளத்தைப் பலகையால் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்.

வாடகைக்கு ஆள் தேடவேண்டிய காலமில்லை அது. சண்டை நிறுத்தம் வந்து வடக்கே பாதை திறந்ததிலிருந்து கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள் இளசுகளால் நிரம்பி வழிந்தன. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள். பின்னேரமானால் ஒவ்வொரு படலையிலும் யாராவது ஒருவர் தோளில் பையுடன் நின்று "றூம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பழைய வீடு, நாறும் சாக்கடைக் கான், ஒரே ஒரு குளியலறை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார்கள். கோட்டைக்குக் கிட்ட, சாப்பாட்டுக் கடைகள் கிட்ட, வீட்டுக்காரனும் தமிழ் கதைப்பான். அது போதும்.

பேர்ணடெற் பேசாலைக்காரி. கோட்டையில் கப்பல் கம்பனியொன்றில் சரக்குப் பத்திரங்கள் தட்டெழுதுகிற வேலை. அண்ணன்மாரின் குடும்பங்களோடு நெருக்கியடித்துக் கிடந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த மேலறை ஒரு பெரிய சொத்து. யன்னலைத் திறந்தால் புனித லூசியா கோயிலின் கூம்பு தெரியும். அறையை அவளோடு பங்குபோட்டவள் வவுனியாவிலிருந்து வந்த நேசமலர், தனியார் ஆஸ்பத்திரியொன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அவளுக்குப் பெரும்பாலும் இரவு வேலை என்பதால் பகலில் தூங்கிப் பின்னேரம் போய்விடுவாள். ஆகவே வேலை முடிந்து வந்ததும் பேர்ணடெற்றுக்கு அறை கிட்டத்தட்டத் தனக்கே தனக்கு. ஊரில் அம்மா ஒரு சம்பந்தத்தை வைத்துக்கொண்டு தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அங்க ஒரு கரைச்சலுமில்லாமல் இருக்கிறியெண்டால் இரு. ஏதும் பிரச்சினையெண்டால் உடன வந்திடு" என்பதுதான் அம்மா போட்ட நிபந்தனை. பேர்ணடெற் பிரச்சினை எதையும் அம்மாவுக்குச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகையில் கீழ்க் கூடத்தை எட்டிப் பார்த்தாள். முன்பக்கத்தைப் பௌஸி என்பவருக்குக் கிளறன்ஸ் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். அவர் அங்கே இன்ரநெற் கஃபே போடப்போகிறார்; இந்தப் பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டோடு கதைக்க வருவார்கள் என்பது கணக்கு. கொம்பியூட்டர்களை வரிசையாக வைப்பதற்கு நடுவில் நின்ற சுவர் இடைஞ்சலாக இருந்தது. ஒரு கிழமையாக அதைத்தான் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சுவர் போயிருந்தது. அது நின்ற இடத்துக்கு மேலே, கூடத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, தேர்வடம் போலத் தடித்த கறுத்த உத்தரமொன்று ஓடியது. அதற்குக் கீழே இரண்டு தென்னங்கட்டைகளை முட்டாகக் கொடுத்திருந்தார்கள். அவள் தலையை உயர்த்தி அதன் வழியே கண்ணை ஓட்டினாள். அவளுடைய அறை அந்த உத்தரத்தின் மேல்தான் இருக்கிறது.

கிளறன்ஸ் வாசலில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், என்ர றூம் கதவு சாத்தேலாமல் கிடக்கு."

"மழைக்குப் பலகை ஊதும் பிள்ளை."

"ரெண்டு கிழமையா மழை இல்லையே அங்கிள். சுவர் உடைக்கிறதாலயோ தெரியேல்ல."

அவர் பேப்பரை மடித்தார். "அது சும்மா தட்டிச் சுவர். பிறகு ஆரோ குறுக்கால வைச்சது. பௌஸி ரெண்டு தரம் கேட்டவர், நானும் ரெண்டு தரம் சொல்லிப்போட்டன், உடைக்கலாமெண்டு. நான் பிறந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதே? நீர் வேலைக்குப் போம், பஸ் போகப்போகுது."

அவள் போனாள். பத்திரங்களைத் தட்டெழுதிக்கொண்டிருக்கையில் இரண்டு தடவை பெயரைப் பிழையாக அடித்தாள்.

சனிக்கிழமை சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரத் தொடங்கியது. நேசமலரின் கட்டிலில் வெள்ளைத் தூள். பலகைத் தளத்தில் நடந்தால் கீழ்க் கூடத்தின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் சரிவாக இருப்பதுபோல் காலுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவில்லை. எல்லாருக்கும் பொதுவான சமையல் மூலையில் வலன்ரைன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து அறைக்காரன், குருநகர்ப் பெடியன். அரைநாள் கொமியூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடையொன்றில் வேலை செய்தபடி கணக்கியல் படிக்கிறான். திங்கட்கிழமை சோதினை. மேல்தளத்தின் மற்ற அறைக்காரர்கள் வார இறுதிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள்.

"வலன்ரைன் அண்ணா, தளம் சரியிற மாதிரி இல்லையோ உங்களுக்கு?"

"பழைய வீடு. சரியாமல் என்ன செய்யும்?"

"இல்லை, நான் நினைக்கிறன் அந்தச் சுவரிலதான் உத்தரம் நிண்டதெண்டு. திங்கட்கிழமை மாநகரசபையில போய்ச் சொன்னால் ஆக்கள் வந்து பார்ப்பினம்."

வலன்ரைன் கரண்டியைக் கீழே வைத்தான். "வந்து பார்த்து என்ன செய்வினம் தெரியுமோ? சிவப்பு நோட்டீஸ் ஒட்டுவினம். அண்டைக்கே எல்லாரையும் வெளியில போகச் சொல்லுவினம். நான் எங்க போறது? தெஹிவளையில ஒரு றூம் கேட்டனான், முகத்தைப் பார்த்த உடனேயே இல்லையெண்டுட்டினம். நீங்கள் எங்க போவியள்?"

அவள் காலால் தளப்பலகையை அழுத்திப் பார்த்தாள்.

"சோதினை முடியும்வரைக்கும் வாயைத் திறக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேசமலரும் அதையே சொன்னாள். "நீ கொம்பிளைன் பண்ணினதெண்டு தெரிஞ்சால் இந்தப் பக்கத்தில ஒருத்தரும் எங்களுக்கு றூம் தரமாட்டினம், பேர்ணி. வீட்டுக்காரர் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கதைக்கிறவை." அதுவும் உண்மைதான். அம்மாவின் குரலும் காதில் கேட்டது: உடன வந்திடு. பேர்ணடெற் திங்கட்கிழமைவரை பொறுத்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தாள். தீர்மானித்தபிறகு மனம் ஆறவில்லை. பொறுக்கிறது என்கிற சொல்லே தன்னைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறது என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஞாயிறு காலை, மற்றவர்கள் கோயிலுக்குப் போகும் நேரம், சம்மட்டிச் சத்தம் தொடங்கியது. நேசமலர் இரவு வேலை முடித்து வந்து போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பேர்ணடெற் மேல்தளத்தில் வாளி வைத்து உடுப்பு துவைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் வாளித் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. சம்மட்டிச் சத்தம் இல்லை. பெரிய மரமொன்றை யாரோ மெதுவாக முறுக்குவதுபோல நீளமாக, காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

அவள் கை துடைக்காமலே கீழே ஓடினாள். மீதிச் சுவரில் கடைசித் துண்டுதான் நின்றது. மேசன் பாஸ் ஒருவரும் அவருடைய கையாளும் சுண்ணாம்புத் தூளில் குளித்திருந்தார்கள். ஒரு முட்டு நேராக நின்றது, மற்றது வளைந்திருந்தது.

"பாஸ், பொட்டக் நவத்தன்ன," என்றாள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில். கொஞ்சம் நிற்பாட்டச் சொல்லி.

பாஸ் சிரித்தார். பயப்படவேண்டாம் மிஸ் என்றார். பின்னேரத்துக்குள் முடிக்கச் சொல்லி பௌஸி மாத்தயா சொன்னவர், நாளைக்கு வேறு வேலையிருக்கிறது என்றார். அவள் உத்தரத்தைக் காட்டினாள். அவரும் பார்த்தார். பார்த்தபிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் சொல்லாமல் நிற்பாட்ட முடியாது என்றார்.

பௌஸியின் கைத்தொலைபேசிக்கு அடித்தாள்; எடுக்கவில்லை. மேலே ஓடி நேசமலரை உலுப்பி எழுப்பினாள். "எழும்பு. ஒண்டும் கேக்காத, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியில வா." நேசமலர் அரைத் தூக்கத்தில் வைதுகொண்டே வந்து எதிர்வீட்டுப் படியில் இருந்தாள். பேர்ணடெற் வலன்ரைனின் கதவைத் தட்டினாள்.

"படிக்கிறன்," என்றான் உள்ளேயிருந்து.

"கீழ வாங்கோ அண்ணா. சுவர் முழுக்கப் போகப்போகுது."

"நாளைக்குச் சோதினை, பேர்ணடெற். என்னை விடுங்கோ."

அவள் வீட்டில் போடும் சட்டையோடும் ஈரக் கையோடும் ஒழுங்கையால் ஓடினாள். கோயிலுக்கு அதிக தூரமில்லை. தமிழ்ப் பூசையில் சனம் வாசல்வரை நின்றது. சுவாமி பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். கிளறன்ஸ் எப்போதும் முன்வரிசையில், தூணோரமாக இருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். நடுவழியால் போனாள். பாட்டாச் செருப்பு பளிங்குத் தரையில் பட் பட்டென்று அடித்தது. மணல் வைத்துத் தேய்த்தாற்போல முதுகில் அத்தனை பேரின் பார்வையும் உரசியது. சுவாமி ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

"அங்கிள், வாங்கோ. உத்தரம் சத்தம் போடுது."

கிளறன்ஸின் முகம் சிவந்தது. "இரும். பூசை முடியட்டும்."

"பூசை முடியிறவரைக்கும் நிக்காது அங்கிள். பாஸ் உங்கட சொல்லில்லாமல் நிப்பாட்டமாட்டாராம்."

"பிள்ளை, ஆக்கள் பார்க்கினம்."

"பார்க்கட்டும்."

அவள் நகரவில்லை. பக்கத்திலிருந்த பெண் தன் செபமாலையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். கிளறன்ஸ் கடைசியில் எழுந்தது அவளை நம்பியல்ல, அவள் அங்கே நிற்கிற அவமானத்தைத் தாங்கமுடியாமல். வெளியே வந்ததும் நடந்தபடியே சொன்னார்: "இண்டைக்கே றூமை விடும். நீர் மட்டுமில்லை, மற்றவவும். இவ்வளவு காலம் இந்தக் கோயிலுக்கு வாறன், ஒருத்தரும் என்னை இப்பிடிச் செய்யேல்ல."

"சரி அங்கிள். கெதியா நடவுங்கோ."

வீட்டுக்குள் கால் வைத்ததும் அவர் வாயை மூடினார். சம்மட்டி நின்றிருந்தது. பாஸும் கையாளும் தாமாகவே சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். வளைந்த முட்டு நடுவில் பிளந்திருந்தது. கிளறன்ஸ் போய் மற்றக் கட்டையில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்தார். மேலேயிருந்து அந்தச் சத்தம் திரும்ப வந்தது, இந்த முறை குறுகியதாக. அவர் கையை எடுத்தார்.

"மேல ஆர் இருக்கினம்?"

"வலன்ரைன் மட்டும்."

பாஸையும் கையாளையும் சிங்களத்தில் வெளியே போகச் சொன்னார். பிறகு மாடிப்படியின் கீழ் நின்று கூப்பிட்டார். வலன்ரைன் பதில் கொடுத்தான். ஆனால் குரல் முந்தியமாதிரி இல்லை.

"அங்கிள், கதவு திறபடுகுதில்லை. இழுத்துப் பார்த்திட்டன். மேல்நிலை இறங்கிப்போய்க் கிடக்கு."

தெருப்பக்க யன்னல்களுக்கு இரும்புக் கம்பி போட்டது கிளறன்ஸ்தான், கள்ளருக்குப் பயந்து. அவர் பாஸ் போட்டுவிட்டுப் போன இரும்பு அலவாங்கை எடுத்தார். "நீர் வெளியில நில்லும்," என்று பேர்ணடெற்றுக்குச் சொன்னார். அவள் நிற்கவில்லை. பின்னால் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று பிறகு பலபேர் கேட்டார்கள். அவர் தனியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணமில்லை.

படி வீட்டின் பின்சுவரோடு ஏறியது. அது உறுதியாக இருந்தது. மேலே தளம் நடுவில் தாழ்ந்து, படிப்பக்கம் கையளவு இடைவெளி விட்டிருந்தது. அதற்குள்ளால் கீழ்க் கூடத்தின் வெளிச்சம் தெரிந்தது. "ஓரமா வாரும், சுவரோட," என்றார் கிளறன்ஸ். அறுபது தாண்டியவர், வெள்ளை லோங்ஸும் பூசைக்குப் போட்ட சேட்டுமாக, அலவாங்கைக் கதவிடுக்கில் செருகி முழுப்பாரத்தையும் போட்டார். பலகை முறிந்தது. மறுபடி செருகினார். உள்ளேயிருந்து வலன்ரைன் உதைத்தான். கதவின் கீழ்ப்பாதி பிய்ந்து வந்தது. அவன் படுத்து ஊர்ந்து வெளியே வந்தான்; வந்தவன் திரும்பி உள்ளே கையை விட்டான்.

"என்ர நோட்ஸ்..."

பேர்ணடெற் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள். "நடவுங்கோ."

அவனைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு அவள் படியில் இறங்கினாள். பாதியில் வரும்போது பின்னால் ஒரு வெடிச்சத்தம். திரும்பினாள். கிளறன்ஸ் படியின் தலைப்பில் ஒரு காலை வைத்திருந்தார்; மற்றக் கால் இன்னும் தளத்தில். அந்தத் தளம் அவருக்குக் கீழேயிருந்து போனது. பலகை, கட்டில், அலுமாரி, அவளுடைய வாளி, எல்லாம் ஒரே இரைச்சலாகக் கூடத்துக்குள் இறங்கின. தூள் எழுந்து எதுவும் தெரியாமல் போயிற்று. அந்தத் தூளுக்குள் அவள் கையை நீட்டித் துழாவினாள். ஒரு சேட்டுக் கை அகப்பட்டது. விடவில்லை. வலன்ரைன் திரும்பி ஏறி வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான். இருவருமாக இழுத்தெடுத்தபோது கிளறன்ஸின் கால், முழங்காலுக்குக் கீழே, இருக்கவேண்டிய பக்கமாக இருக்கவில்லை. அவர் கத்தவில்லை. "எல்லாரும் வந்திட்டினமோ?" என்றுதான் கேட்டார்.

"ஓம் அங்கிள். எல்லாரும் வந்திட்டம்."

எதிர்வீட்டுப் படியில் நேசமலர் போர்வையை வாயில் வைத்தபடி நின்றாள். அவளுடைய கட்டில் கூடத்தின் நடுவில், உத்தரத்துக்குக் கீழே, தலைகீழாகக் கிடந்தது.

பௌஸி புத்தளத்திலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் கேட்டேனே, ரெண்டு தரம் கேட்டேனே," என்று வருகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு ஆட்களைப் பிடித்து ஏணி வைத்து, கிடைத்த சாமான்களை எடுக்க வழிபண்ணினார். மாநகரசபைக்காரர்கள் வந்து யாரும் உள்ளே போகாதபடி பட்டி கட்டினார்கள். வலன்ரைன் யாரோ கொடுத்த சேட்டோடு, நோட்ஸ் இல்லாமலே திங்கட்கிழமை சோதினைக்குப் போனான். நேசமலரும் பேர்ணடெற்றும் வத்தளையில் நேசமலரின் வேலைத்தோழி வீட்டில் தரையில் படுத்தார்கள். அம்மாவுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேசாலைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் அம்மா அழுதாள். "வா எண்டு சொல்லாதேங்கோ அம்மா," என்றாள் பேர்ணடெற். "நான் வேற றூம் பார்க்கிறன்." அம்மா அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்தினாள். வா என்று சொல்லவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்கு அப்பிள் வாங்கிக்கொண்டு போனாள். கிளறன்ஸின் கால் பிளாஸ்ரரில் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. காணியை விலைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டதாம், ஃபிளாட் கட்டுவதற்கு. விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். ஒரு அப்பிளை எடுத்துத் துடைத்தார்.

"ஆனாலும் பிள்ளை, சுவாமி பிரசங்கம் வைச்சுக்கொண்டிருக்கேக்க நடுவழியால வந்தது சரியில்லை."

"ஓம் அங்கிள். சரியில்லைதான்."

"பக்கத்துப் பாதையால வந்திருக்கலாம்."

"அடுத்தமுறை அப்பிடி வாறன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கால் இழுக்கவே நிறுத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்தது சிரிப்பாலா வேறெதனாலாவதா என்று அவள் கேட்கவில்லை.

நேசமலர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. றூம் கேட்டுப் போன முதல் இரண்டு வீடுகளிலும் முகவரியைச் சொன்னதும் "இப்ப ஆக்கள் வந்திட்டினம்" என்றார்கள். மூன்றாவது வீடு ஒழுங்கையின் மறுகோடியில். கட்டையான, வெற்றிலை போட்ட ஒரு மனுஷி படலையைத் திறந்து இவளை மேலும் கீழும் பார்த்தாள். பெயர் றஞ்சிதம் என்பதும் விதவை என்பதும் பேர்ணடெற்றுக்குத் தெரியும்.

"நீர்தானே பூசைக்க வந்த பிள்ளை?"

மறைக்க ஒன்றுமில்லை. "ஓம் அன்ரி."

றஞ்சிதம் அன்ரி படலையைச் சாத்தப்போகிறாள் என்றுதான் பேர்ணடெற் நினைத்தாள். ஏற்கெனவே அரையடி பின்வாங்கியும் விட்டாள்.

"உள்ளுக்கு வாரும். என்ர குசினிக் கூரையில ஒரு வெடிப்பு, போன வருஷத்திலயிருந்து கிடக்கு. ஒருத்தனைக் கூப்பிட்டுக் காட்டவும் பயம், காட்டாமல் விடவும் பயம். வந்து பாரும் ஒருக்கால்."

பேர்ணடெற் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். குசினியில் தலையை உயர்த்திப் பார்த்தாள். கறுத்த கோடொன்று புகைபோக்கிப் பக்கமிருந்து மூலைக்கு ஓடியது. ஆபத்தா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"எனக்கு இதைப்பற்றி ஒண்டும் தெரியாது அன்ரி," என்றாள். "தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருவம். அதுவரைக்கும் நீங்கள் வெளியில அடுப்பை வைச்சுச் சமையுங்கோ."

"மழை வந்தால்?"

"மழை வந்தால் கடையில வாங்குவம்."

றஞ்சிதம் அன்ரி குனிந்து அடுப்பருகே நின்ற கேஸ் சிலிண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மற்றப் பக்கத்தைப் பேர்ணடெற் பிடித்தாள்.